அடுப்படிக்கு ஒரு திருவிழா

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் தேர்பவனி கண்டு வளர்ந்த நாம், ஓர் ஆகஸ்டு மாதத்தில் கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றோம். அங்கே கோடை, விழாக்காலம்.

ஆகஸ்டு 10, புனித லாரன்ஸ் திருநாள். இரும்புக் கம்பித் தட்டின்மேல் வாட்டப்பட்டு உயிர்நீத்தார் என மரபு போற்றும் அம்மறைசாட்சி, சமையல் செய்வோரின் பாதுகாவலர். ஒருவருக்கொருவர் உதவிட 1916-இல் சங்கம் கண்ட சமையற்காரப் பெண்களின் வழிவந்தோர், அத்திருநாளையொட்டிப் புவாந்தப்பித்ர் நகர ஆலயத்திற்கு உணவுக் கூடைகளுடன் வந்தனர். திருப்பலியில் குருவானவர் கூடைகளை மந்திரித்தார். புனிதரின் திருவுருவத்தோடு பவனி புறப்பட்டது.

அவர்கள் அணிந்திருந்த கட்டம்போட்ட துணி நமக்குப் பழகியதாய்த் தோன்றிற்று. பெயர் கேட்டோம். "மத்ராஸ்" என்றார் ஒரு மூதாட்டி! நம் கரையிலிருந்து வணிகக் கப்பலேறிச் சென்ற துணி அது. 1854 முதல் நம்மவரும் கரும்புத் தோட்டக் கூலிகளாய் அங்கே சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் தமிழை இழந்தனர். "கொலொம்போ" என்னும் குழம்பை இழக்கவில்லை. நாவைவிட அடுப்பே நெடுநாள் நினைவு காத்தது.

மூதாட்டி தம் கூடையிலிருந்து நமக்கும் பகிர்ந்தளித்தார். உண்ணும்போது உள்ளம் உறுத்திற்று. நம் ஊர்த் திருவிழாக்களில் பந்திக்குப் பின்னே புகையில் கண்கலங்கி நிற்கும் பெண்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் கேட்டதுண்டா?

இவ்வாண்டுத் திருவிழாவில் முதலில் அடுப்படிக்குச் செல்வோம்.