ஜான் ஏன் இன்னும் வரவில்லை?

2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. அன்று விடிகாலையில் இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன் ஒரு பதிவு போட்டார். இன்று படத்தைத் திரைக்குக் கொண்டுவர முடியவில்லை, மன்னியுங்கள், இன்னும் ஒன்றிரண்டு நாள் தேவைப்படும் என்று. படத்தின் பெயர் ‘துருவ நட்சத்திரம்: அத்தியாயம் ஒன்று – யுத்த காண்டம்’. அந்த ஒன்றிரண்டு நாள் இன்னும் முடியவில்லை. 2025 ஆடித்தபசும் வந்து போய்விட்டது.

கணக்கு வாத்தியாருக்கு உளவாளிப் படத்தில் என்ன வேலை என்று சிலர் நினைப்பீர்கள். இது கணக்கு விஷயம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தபசுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர்கள் நாலைந்து பேர், எல்லோருக்கும் இப்போது நாற்பதை ஒட்டிய வயது, வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். விக்ரம் நடித்த ஜான் கதாபாத்திரம் கடைசியில் சாகுமா சாகாதா, இரண்டாம் அத்தியாயத்தில் சூர்யா வருவாரா, ‘வேட்டையாடு விளையாடு’ ராகவனும் ‘என்னை அறிந்தால்’ சத்யதேவும் ஜானும் ஒரே உலகத்து ஆட்களா என்று ஒரே விவாதம். ஒருவன் பேப்பர் நாப்கினில் படம் போட்டே காட்டினான். முக்கோணம், அம்புக்குறி எல்லாம் இருந்தது. பத்தாம் வகுப்பில் இவன் ஒரு முக்கோணத்தை ஒழுங்காக வரைந்ததை நான் பார்த்ததில்லை.

வில்லன் விநாயகன் யாருக்கு வேலை செய்கிறார் என்பது வரை யூகித்தார்கள். இத்தனை யூகத்தில் ஒருவன்கூட, ‘படம் யாருக்கு எவ்வளவு பாக்கி?’ என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். இந்தப் படத்தில் உண்மையான மர்மம் அங்கேதான் இருக்கிறது. அதில் முக்கால்வாசி கோர்ட்டிலும் பேட்டிகளிலும் வெட்டவெளிச்சமாகவே கிடக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன். இந்தத் தலைப்பில் முதலில் சூர்யாதான் நடிப்பதாக இருந்தது, 2013-ல். அந்த அக்டோபரில் சூர்யா ஓர் அறிக்கை விட்டு விலகிக்கொண்டார். மாதக்கணக்கில் காத்திருந்தும் முழுக்கதை கைக்கு வரவில்லை என்பது அவர் தரப்பு. அதற்குப் பிறகு 2017 ஜனவரியில் விக்ரமை வைத்துப் படப்பிடிப்பு தொடங்கியது. வெளிநாட்டுக் காட்சிகள், ஹாரிஸ் ஜெயராஜ் இசை, சிம்ரன், பார்த்திபன், ராதிகா, ரிது வர்மா என்று பெரிய கூட்டம். டீசரைப் பார்த்துவிட்டு, தமிழிலும் இப்படி ஒரு படமா என்று பையன்கள் துள்ளினார்கள். பிறகு நின்றது. தொடங்கியது. மறுபடி நின்றது.

தொடங்கும்போது விக்ரமுக்கு வயது 50. 2025-ல் 59. நடுவில் அவர் ‘சாமி ஸ்கொயர்’, ‘கடாரம் கொண்டான்’, ‘மகான்’, ‘கோப்ரா’, இரண்டு ‘பொன்னியின் செல்வன்’, ‘தங்கலான்’, ‘வீர தீர சூரன்’ எல்லாம் முடித்துவிட்டார். ஜான் மட்டும் அந்த வயதிலேயே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

2023 நவம்பருக்கு வருவோம். டிரெய்லர் வந்துவிட்டது, தேதி சொல்லியாயிற்று, டிக்கெட்டும் விற்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சிம்புவை வைத்து வேறொரு படம் எடுத்துத் தருவதாக 2018-ல் கௌதம் பணம் வாங்கினார், படமும் இல்லை, பணமும் திரும்பவில்லை என்று ஆல் இன் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் போயிருந்தது. 24-ஆம் தேதி காலை 10.30 மணிக்குள் 2 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால்தான் படத்தை வெளியிடலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்தக் கடன் இந்தப் படத்துக்கு வாங்கியதே இல்லை. வேறு படத்துக்கு வாங்கியது. ஆனால் கையில் விற்கத் தயாராக இருப்பது இந்தப் படம்தான், அதனால் இதன் வாசலில் வந்து நிற்கிறார்கள். நம் ஊரில் நெல் அறுத்துக் களத்துக்கு வரும் நாளில்தான் எல்லாக் கடன்காரரும் களத்துமேட்டுக்கு வருவார்கள். உரக்கடை, டிராக்டர்க்காரர், போன வருஷத்துக் கைமாற்று, மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. நெல்லுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விவசாயி கேட்க முடியுமா? சினிமாவில் களம் என்பது வெளியீட்டுக்கு முந்தைய இரவு.

அந்த இரவில் என்ன நடக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. முன்பெல்லாம் நெகடிவ் லேப்பில் இருக்கும். ஃபைனான்சியர் கையெழுத்துப் போட்டு லேப்புக்குக் கடிதம் கொடுத்தால்தான் பிரிண்ட் போடுவார்கள். இப்போது பெட்டி கிடையாது. படம் பூட்டிய கோப்பாகத் தியேட்டருக்கு முன்கூட்டியே போய்விடும். அதைத் திறக்க ஒரு சாவி, அதுவும் எண்களால் ஆன சாவி. அந்த ஒரு தியேட்டருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வேலை செய்யும். கடன் தீராவிட்டால் சாவி வராது. காலை ஒன்பது மணிக் காட்சிக்கு மாலை போட்ட கட்-அவுட் வெளியே நிற்கும், படம் உள்ளே கணினியில் இருக்கும், ஆனால் ஓடாது. ரசிகன் தியேட்டர்க்காரரைத் திட்டுவான். பாவம், அவருக்கே காலையில்தான் தெரியும்.

இது கௌதமுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. இதே விக்ரமின் ‘வீர தீர சூரன்’ 2025 மார்ச் 27 காலையில் வரவேண்டியது, டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கால் நின்று, பேச்சு முடிந்து சாயங்காலக் காட்சியாகத்தான் வந்தது. கௌதமின் ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ 2016-ல் எடுக்கத் தொடங்கி 2019 நவம்பர் 29-ல் வந்தது.

இனி நம்ம பாடம். ஒரு கோடி ரூபாயை இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். இந்தப் படத்தின் வட்டி விகிதம் இது என்று நான் சொல்லவில்லை, சும்மா ஓர் உதாரணம். ஏழு வருஷத்துக்கு, 84 மாதம், தனிவட்டி போட்டால் வட்டி மட்டும் 1 கோடியே 68 லட்சம். வட்டி கட்டாமல் அது அசலில் சேர்ந்துகொண்டே போனால், கூட்டு வட்டியில் மொத்தம் ஏறக்குறைய 5 கோடியே 28 லட்சம். மூன்று வட்டி என்றால் கிட்டத்தட்ட 12 கோடி. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். படத்தின் நீளம் கூடவில்லை, பாட்டு கூடவில்லை, ஒரு ஷாட் கூடவில்லை. கூடியது இது ஒன்றுதான். தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் படத்தை வெளியிடுவதற்கான விலை ஏறுகிறது, படத்தை வாங்க வருபவன் கொடுக்கிற விலை இறங்குகிறது. இந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டித் தாண்டிவிட்டால் பிறகு எந்த உளவாளியாலும் காப்பாற்ற முடியாது.

கௌதம் நடிக்கப் போனதை வைத்தும் பையன்கள் கேலி செய்தார்கள். ‘விடுதலை’, ‘லியோ’ என்று எங்கே பார்த்தாலும் வருகிறாரே என்று. இந்தப் படத்துக்குப் பணம் சேர்க்கத்தான் நடிக்க வந்தேன் என்று அவரே சொல்லிவிட்டார். தவறான கணக்குப் போட்டவர் என்று நான் அவரைச் சொல்வேன். ஒரே நேரத்தில் இத்தனை படத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் கடனைக் கட்ட அறுபதை நோக்கிப் போகிற வயதில் வேறு வேலை பார்க்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை.

உளவாளிப் படம் என்றாலே தமிழில் ஏனோ இப்படி ஏதாவது வந்துவிடுகிறது. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ‘உலகம் சுற்றும் வாலிபன்’, 1973. ஜப்பானில் எக்ஸ்போ 70 கண்காட்சியில் எல்லாம் எடுத்த படம். எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியே வந்திருந்த நேரம். படம் வரவே வராது என்று ஒரு கூட்டம், நெகடிவை எங்கோ மறைத்து வைத்திருக்கிறார் என்று ஒரு கூட்டம். படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரை முத்து சொன்னார் என்பது எங்கள் ஊர் டூரிங் கொட்டகை வரைக்கும் வந்த பேச்சு. அதன் கடைசியில் அடுத்த படம் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று போட்டார்கள். நாங்கள் அதன் கதையை வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து நாலு விதமாகச் சொல்லி முடித்துவிட்டோம். படம் எடுக்கப்படவே இல்லை.

1986-ல் கமலின் ‘விக்ரம்’. சுஜாதாவின் கதை குமுதத்தில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாராகிக்கொண்டிருந்தது. அக்னிபுத்திரன் ஏவுகணை, சலாமியா நாடு. ஸ்டாஃப் ரூமில் குமுதம் யார் கைக்கு முதலில் வருவது என்பதில் இரண்டு தமிழாசிரியர்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு 2013-ல் ‘விஸ்வரூபம்’. தமிழ்நாட்டில் தடை, வேறு பல இடங்களில் ஜனவரி 25, இங்கே பிப்ரவரி 7. சொத்தையெல்லாம் இதில் வைத்துவிட்டேன் என்று கமல் சொன்னதும் ரசிகர்கள் அவருக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

யூகம் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு அது ரத்தத்திலேயே உண்டு. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் வாசுதேவநல்லூர்க் கோட்டையில் நின்று கும்பெனிப் படையை எதிர்த்தார். கடைசியில் என்ன ஆனார்? பிடித்துக்கொண்டு போகிற வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட இறங்கினார், உள்ளே போனவர் மறைந்துவிட்டார் என்று என் ஆச்சி சொன்னாள். கோவிலில் பூலித்தேவர் அறை என்று இன்றும் காட்டுகிறார்கள். எழுத்தில் முடிவு கிடைக்காத கதைக்கு ஜனங்கள் ஒரு முடிவு செய்துவைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அந்த முடிவுதான் பிடிக்கும்.

ஆனால் படப் பேச்சில் நான் சேர்ந்துகொள்ள முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் மாணவன் ஒருவன் சென்னையில் எடிட்டிங் உதவியாளன். ஊர் பேரெல்லாம் வேண்டாம். அவன் மூன்று வருஷம் வேலை பார்த்த ஒரு படம், இது இல்லை, வேறொன்று, எடுத்து முடித்தும் வரவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் என்ன படம் செய்திருக்கிறாய் என்கிறார்கள். சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. போட்டுக் காட்டவும் அவனுக்கு உரிமை இல்லை. அவன் அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தவர். ரேஷன் கடையில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “சார், அந்தப் படம் வந்திருமா சார்? பேரு போடுவாங்கன்னு சொன்னான்.”

அவருக்கு நான் கூட்டு வட்டி எல்லாம் சொல்லவில்லை. ‘மத கஜ ராஜா’ கதையைத்தான் சொன்னேன். சுந்தர் சி எடுத்து 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம், 2025 பொங்கலுக்கு, ஜனவரி 12-ல் வந்தது. பன்னிரண்டு வருஷம். வந்து நன்றாக ஓடவும் ஓடியது. அதில் மணிவண்ணனும் மனோபாலாவும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தியேட்டர் சிரித்தபோது இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

அந்தம்மா விரல்விட்டு எண்ணினார். “பன்னெண்டு வருசமா? அப்ப எனக்கு அறுபத்தஞ்சு ஆயிரும்” என்றார். பிறகு, “பேரு முன்னாடி போடுவாங்களா, கடைசில போடுவாங்களா சார்?” என்று கேட்டார். உதவியாளர்கள் பெயர் கடைசியில்தான் ஓடும், எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில், வேகமாக ஓடும் என்றேன்.

“அது பரவால்ல சார், நான் உக்காந்திருப்பேன்” என்றார்.