இரண்டு லிட்டர் எல்லைக்குள் ஆடம்பரம்

இரண்டு கதவுகளும் பின்புறம் தாழ்ந்து சரியும் கூரையும் கொண்ட காரைக் கூபே என்பர். அதில் பின்னிருக்கை பெயரளவுக்கே இருக்கும். பல மாதிரிகளில் அதுவும் இராது. குடும்பத்தை ஏற்றிச் செல்லவோ சுமை கொண்டுபோகவோ உதவாத இந்த வாகனத்துக்குப் பெருந்தொகை கொடுப்பவர் அதன் அழகுக்காகவும் ஓட்டும் இன்பத்துக்காகவுமே கொடுக்கிறார் என்பதால், கிடைப்பவற்றுள் பெரிய எஞ்சினையே அவர் கேட்பார் என்று எண்ணத் தோன்றும். கடந்த அறுபது ஆண்டு விற்பனை வரலாறு இந்த எண்ணத்தை உறுதிசெய்யவில்லை. ஃபெராரி, மசெராட்டி, போர்ஷே, ஜாகுவார் ஆகிய நிறுவனங்கள் யாவும் ஏதேனும் ஒரு காலத்தில் இரண்டு லிட்டருக்கு உட்பட்ட எஞ்சினைத் தம் கூபேக்களில் பொருத்தி விற்றிருக்கின்றன. அவ்வாறு பொருத்துமாறு அவற்றைத் தூண்டியது பெரும்பாலும் பொறியாளரின் விருப்பமன்று, வரிச் சட்டம் கிழித்த ஒரு கோடு.

அந்தக் கோட்டின் விளைவை முழுமையாகக் காணக்கூடிய நாடு இத்தாலி. எஞ்சினின் கொள்ளளவு என்பது பிஸ்டன்கள் சிலிண்டருக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும்போது கடக்கும் மொத்தக் கன அளவு. 2,000 கன சென்டிமீட்டரை இரண்டு லிட்டர் என்பது வழக்கம். எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1970களின் நடுப்பகுதியிலிருந்து இத்தாலிய அரசு இந்த அளவைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு 38 விழுக்காடு வரை மதிப்புக் கூட்டு வரி விதித்தது. அளவுக்குள் அடங்கிய கார்களுக்கு வரி அதில் ஏறத்தாழப் பாதிதான். விலை உயர உயர இந்த வேறுபாடும் பெருகியதால், வரியின் சுமையை அதிகம் உணர்ந்தவை மலிவான கார்களைக் காட்டிலும் ஃபெராரியும் லம்போர்கினியுமே ஆகும்.

ஃபெராரியின் விடை 1975இல் வந்த 208 ஜிடி4. மூன்று லிட்டர் 308இன் எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கைவிட மனமில்லாமல், அதன் சிலிண்டர்களின் உள்விட்டத்தை மட்டும் 81 மில்லிமீட்டரிலிருந்து 66.8 மில்லிமீட்டராகக் குறுக்கினார்கள். பிஸ்டன் சென்று திரும்பும் தூரமான 71 மில்லிமீட்டரில் கைவைக்கவில்லை. நம் சாலைகளில் ஓடிய பழைய புல்லட் 350இன் ஒற்றைப் பிஸ்டனே 70 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்பதை நினைத்தால், அந்த ஃபெராரியின் பிஸ்டன்கள் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். கொள்ளளவு 1,991 கன சென்டிமீட்டருக்கு இறங்கியது. சாலைக் கார்களுக்கென விற்பனைக்கு வந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் இதைவிடச் சிறியதைக் காண்பது அரிது. ஆயினும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று, எடையோ குறையவில்லை. 1980இல் வந்த 208 ஜிடிபியில் 155 குதிரைத்திறன்தான் இருந்தது. பினின்ஃபரீனா வரைந்த அதே உடலும் அதே தோல் இருக்கைகளும் இருந்தும், முடுக்கியை மிதிக்கையில் அந்தத் தோற்றம் தந்த வாக்குறுதியை எஞ்சினால் காப்பாற்ற முடியவில்லை. லம்போர்கினி உராக்கோவின் இரண்டு லிட்டர் வடிவமும், மசெராட்டி மெராக்கின் இரண்டு லிட்டர் வடிவமும் இதே வழியில் சென்றவைதாம்.

இந்தக் கார்களை ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமாகாது. அவற்றை வாங்கியவர் எட்டு சிலிண்டர்களின் ஒலியையும் கையால் செய்யப்பட்ட உடலையும் உண்மையாகவே பெற்றார். உச்ச வேகம் என்பது ஆண்டில் சில நிமிடங்களுக்கே பயன்படுவது. இருந்தாலும், பெரிய எஞ்சினுக்கென வடிவமைத்த காரில் எடையைக் குறைக்காமல் எஞ்சினை மட்டும் சுருக்குவது காரின் சமநிலையைக் குலைக்கிறது என்பதை 208 தெளிவாகக் காட்டிற்று.

அந்தக் குறையைப் போக்க வந்தது டர்போ. எஞ்சின் வெளியேற்றும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு ஒரே தண்டில் இணைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. காற்று மிகுவதால் அதிக எரிபொருளை எரிக்க முடிகிறது, கொள்ளளவோ சட்டத்தின் கணக்கில் மாறுவதில்லை. 1981 பருவத்தில் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு டர்போவைக் கொண்டுவந்த ஃபெராரி, மறு ஆண்டே 208 ஜிடிபி டர்போவை வெளியிட்டது. சாலையில் ஓடிய முதல் டர்போ ஃபெராரி இதுவே. 220 குதிரைத்திறன் தந்த இக்கார், அப்போது விற்பனையில் இருந்த மூன்று லிட்டர் 308 ஜிடிபிஐயின் 214ஐயும் முந்தியது. பின்சக்கரங்களுக்கு முன்னால் உடலில் வெட்டப்பட்ட முக்கோணக் காற்றுத் துளைகளைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். டர்போ சுழன்று வேகம் பிடிக்கும்வரை கார் தயங்கி நின்று, பிறகு சட்டென்று பாயும் குணம் இதற்கு உண்டு. அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சேர்ந்த 1986ஆம் ஆண்டு வடிவத்தில் ஆற்றல் 254 ஆயிற்று.

மசெராட்டி இன்னும் துணிந்தது. அலெஹாந்த்ரோ டி டொமாசோவின் கையில் இருந்த அந்நிறுவனம் 1981 டிசம்பரில் அறிமுகப்படுத்திய பைடர்போ, ஆறு சிலிண்டர் இரண்டு லிட்டர் எஞ்சினில் இரண்டு டர்போக்களைப் பொருத்திய கூபே. தொடக்கக் கார்களின் வெப்பச் சிக்கல்களும் பழுதுகளும் அதன் பெயரைக் கெடுத்தன என்பது உண்மையே. ஆனால், மென்தோல் மூடிய உட்புறமும், பின்னர் வந்தவற்றில் நடுப்பலகையில் பதித்த பொன்னிற நீள்வட்டக் கடிகாரமும், அதுவரை மசெராட்டியைத் தொலைவிலிருந்து மட்டுமே பார்த்திருந்த இத்தாலிய நடுத்தரத் தொழில்முனைவோரை அதன் காட்சியறைக்கு அழைத்துவந்தன. அந்த எஞ்சினையே ஆண்டுக்காண்டு செம்மைப்படுத்தியதன் விளைவாக, 1995இன் கிப்ளி கப் அதே இரண்டு லிட்டரிலிருந்து 330 குதிரைத்திறனை எடுத்தது. லிட்டருக்கு 165 என்ற அந்த அளவு, அக்காலச் சாலைக் கார்களில் வியப்புக்குரியது. தண்டனையாக வந்த வரிக்கோடு இருபதாண்டுகளில் ஒரு தனித் தொழில்நுட்ப மரபையே வளர்த்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது.

வரியின் தூண்டுதல் இல்லாமலும் சிறிய எஞ்சின் சந்தையைக் கண்டதுண்டு. 1965இல் போர்ஷே தன் 356ஐ நிறுத்தியபோது, அதன் இடத்துக்கு வந்த 911இன் விலை பழைய வாடிக்கையாளர்கள் பலரின் கைக்கு எட்டாமல் போயிற்று. ஆகவே 911இன் உடலுக்குள் 356இன் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து, 130 குதிரைத்திறனுக்குப் பதில் 90 மட்டும் தரும் 912 என்ற காரை அந்நிறுவனம் உருவாக்கியது. முதலில் வந்தவற்றில் 911இன் ஐந்து வட்டமானிகளுக்குப் பதில் மூன்றே இருந்தன. எனினும் 1969 வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட 912கள் விற்றன. முதல் ஆண்டுகளில் அது 911ஐயே விற்பனையில் விஞ்சியது. போர்ஷேயில் எஞ்சின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், இரண்டு சிலிண்டர் குறைந்ததன் பயன் வளைவுகளில் நேரடியாகத் தெரிந்தது. தொடக்ககால 911 வளைவில் வால் வீசுவதற்குப் பேர்போனதாக இருக்க, 912 அமைதியாகத் திரும்பியது. 208இல் இழப்பாக முடிந்த அதே செயல் இங்கே ஆதாயமாக மாறியதற்குக் காரணம், எஞ்சினோடு எடையும் குறைந்ததுதான்.

இன்றைய சந்தையில் இத்தாலியின் இடத்தைச் சீனா பிடித்திருக்கிறது. அந்நாட்டின் நுகர்வு வரி கொள்ளளவைப் படிப்படியாகப் பிரிக்கிறது: ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை 5 விழுக்காடு, மூன்று முதல் நான்கு வரை 25, நான்கைத் தாண்டினால் 40. ஐரோப்பாவில் வரியோடு கரியமில வாயு வரம்புகளும் சேர்ந்து அழுத்துகின்றன. 2017இல் ஜாகுவார் தன் எஃப்-டைப் கூபேக்கு 300 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் இரண்டு லிட்டர் எஞ்சினை அளித்தபோது, ஆறு சிலிண்டர் வடிவத்தைவிட அது 52 கிலோ இலகுவாக இருந்ததோடு, குறைந்த எடையில் பெரும்பகுதி முன்னச்சிலிருந்தே போயிற்று. திருப்பிய திசையில் மூக்கு தயங்காமல் செல்லும் காரை விரும்பியோருக்கு அது நல்ல தேர்வாகவே இருந்தது.

போர்ஷேயின் அனுபவம் வேறு விதமானது. 2016இல் கேமன் கூபே 718 கேமன் ஆனபோது, டர்போ இல்லாத 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் நீங்கி, இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. ஆற்றல் 275இலிருந்து 300 ஆயிற்று, இழுவையும் கூடியது, வேகமும் கூடியது. அளக்கக்கூடியவை யாவும் மேம்பட்டிருந்தும், விமர்சகர்களும் வாடிக்கையாளர் பலரும் ஒலியைக் குறித்தே குறைப்பட்டார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் சுழற்சி ஏற ஏறச் சுருதி கூடிப் பாடிய இடத்தில், புதியது கரகரத்தது. அந்த மனக்குறையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள முடியாது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சினை வைத்து விற்கும் கார், காதுக்கும் சேர்த்தே விலை பெறுகிறது. 2020இல் போர்ஷே தன் ஜிடிஎஸ் வடிவத்தில் நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்தது.

சிறிய எஞ்சினுக்கென்றே கார் முழுவதையும் வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பிரான்சின் டியெப் நகரில் உருவான ஆல்பின் ஏ110 நல்ல சான்று. 2017இல் மறுபிறவி எடுத்த இந்தக் கூபேயின் எஞ்சின் 1,798 கன சென்டிமீட்டர் கொண்டது. ரெனோவின் மெகான் ஆர்எஸ் காரிலும் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது. தொடக்கத்தில் தந்தது 252 குதிரைத்திறன். மொத்த எடையோ ஏறத்தாழ 1,100 கிலோ, அதாவது 718 கேமனைவிட இருநூறு கிலோவுக்கும் மேல் குறைவு. உடலும் அடிச்சட்டமும் அலுமினியம். இருக்கை ஒன்றின் எடை 13.1 கிலோ, பின்சக்கரங்களில் நிறுத்தும் பிரேக்கைத் தனியே வைக்காமல் ஓட்டப் பிரேக்கின் பிடிப்பானுக்குள்ளேயே அடக்கி இரண்டரை கிலோ மிச்சப்படுத்தினார்கள். சாதாரணக் குடும்பக் கார் ஒன்றோடு பங்கிட்ட எஞ்சினுக்கா இவ்வளவு விலை என்று இக்காரை வாங்கியவர்கள் பெரிதாகக் குறைகூறவில்லை. 2019இல் வந்த ஏ110 எஸ் வடிவத்தில் ஆற்றல் 292 ஆக உயர்ந்தபோதும், ஆல்பின் அந்த 1,798ஐ மாற்றவில்லை.