கவ்வாத்துக் கத்தியும் கரையோரக் கன்றுகளும்

இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் நீரைச் சேர்த்துக்கொண்டு நோர்வூட் வழியாக இறங்கும் கெசல்கமு ஓயா, 1965ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அங்கிருந்து விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், பின்னர் நோர்ட்டன் தேக்கம் வழியாக லக்ஷபான முதலிய கீழுள்ள நிலையங்களுக்கும் அதே நீர் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், மேட்டுத் தேயிலை மலைகளில் கரைந்து வந்து தேக்கத்தின் அடியில் படியும் மண் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களின் மின் உற்பத்தியைப் பாதிக்கக்கூடியது. அம்மண்ணை வழியிலேயே மறிப்பதற்காகக் கரைகளிலும் ஓடை ஓரங்களிலும் மரக்கன்றுகளும் உயிர்வேலிகளும், அதாவது செடிகளை நெருக்கமாக வரிசையில் நட்டு வெட்டி வெட்டி அடர்த்தியாக்கும் வேலிகளும், நடப்படுகின்றன. நட்ட கன்றுகளின் தொகை விழா மேடைகளில் அறிவிக்கப்படுகிறது. நட்டபின் மூன்றாண்டுகள் அவற்றைக் காப்பது ஒரு தனித் தொழில் என்பதும், அதற்கான தேர்ச்சி இப்பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதும் அறிவிப்புகளில் இடம்பெறுவதில்லை.

தேயிலை இயல்பில் ஒரு மரம். அதை இடுப்பளவுப் புதராக நிறுத்திவைப்பது கவ்வாத்து எனப்படும் கிளைவெட்டு. மலைநாட்டில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் இவ்வெட்டில், தொழிலாளி நீண்ட கத்தியை ஒரே வீச்சில் சாய்வாக இழுத்து, பட்டை கிழியாமலும் வெட்டுவாயில் நீர் தங்காமலும் கிளையை அறுக்கிறார். செடி மூச்சு முட்டிப் பட்டுப்போகாதபடி இலையோடு ஓரிரு கிளைகளை விட்டுவைக்கவும் தெரிந்திருக்கிறார். உயிர்வேலிக்கும் இதே கைதான் வேண்டும். கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியை வெட்டினால்தான் அடியிலிருந்து கிளை பிரியும். அந்த வெட்டைத் தள்ளிப்போட்டால் செடி மேலே ஓடி, கீழே வெறும் தண்டாக நின்று, மழைநீர் அதன் காலடியில் தடையின்றிப் பாயும். ஆயினும் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள நேர்கிறது. கொழுந்து பறிக்க வசதியாகத் தேயிலையின் மேற்பரப்பு மேசைபோல் மட்டமாக்கப்படுவதால் அதன் அடிப்பகுதியில் இலையிருப்பதில்லை. வேலிக்கோ அடியில்தான் இலை வேண்டும் என்பதால், அடி அகன்று மேல் குறுகும்படி பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டியிருக்கிறது. கவ்வாத்து அறிந்தவருக்கு இது ஒரு காலைப் பொழுதில் பிடிபடக்கூடியது. அறியாதவரிடம் கத்தியைக் கொடுத்தால் ஒரு மழைக்காலமே வீணாகலாம்.

கான் வெட்டும் தொழிலுக்கும் இதே பெருமை உண்டு. கான் என்பது சரிவின் குறுக்கே சிறு சாய்வுடன் இழுக்கப்படும் வடிகால். அதன் அடியில் இடையிடையே குறுக்கு வரம்பு விட்டுக் குழிகளாக்கினால், ஓடிவரும் நீர் ஒவ்வொரு குழியிலும் தங்கி, மண்ணை அங்கே இறக்கிவிட்டு, தெளிந்து வழிந்து அடுத்ததற்குச் செல்கிறது. இக்குழிகளில் சேரும் வண்டலை அள்ளிப் புதுக்கன்றின் மேற்புறத்தில் அல்லாமல் கீழ்ப்புறத்தில் அணைப்பதைக் கரையை நடந்து பார்ப்பவர் கவனிக்கலாம். மேற்புறத்தில் குவித்தால் மழையில் சரிந்து தண்டை மூடி, வேரும் தண்டும் சந்திக்கும் கழுத்துப் பகுதி அழுகிவிடும்; கீழ்ப்புறத்தில் அணைத்தால் கன்றுக்குப் பிறை வடிவப் படியொன்று அமைகிறது. வெட்டிய மானாப் புல்லை மூடாக்காக, அதாவது ஈரங்காக்கும் போர்வையாக, இடும்போதும் தண்டைச் சுற்றி ஒரு கையளவு வெற்றிடம் விடப்படுகிறது. பொலித்தீன் பையில் அதிக நாள் கிடந்து வட்டமாகச் சுருண்ட வேரை நடும்போதே நறுக்காவிட்டால், இந்தப் பராமரிப்பு எதனாலும் அக்கன்றைக் காப்பாற்ற முடியாது என்பது தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வேலை செய்யும் பெண்கள் நன்கறிந்தது.

தென்மேற்குப் பருவமழை மே, ஜூனில் தொடங்கும்போது நட்ட கன்று வேர் பிடித்ததா என்பது, ஈரம் வற்றிக் காற்று வறண்டு வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களிலேயே தெரியவருகிறது. அதற்குள் கன்றைச் சுற்றிய புல்லைச் சுரண்டியால் வட்டமாக நீக்குதல், காற்றில் ஆடாதபடி முளைக்கம்பில் தளர்வாகக் கட்டுதல், கட்டு தண்டை இறுக்குமுன் அவிழ்த்துக் கட்டுதல் ஆகியவை முடிந்திருக்க வேண்டும்.

எவற்றை நடுவது என்பதிலும் மலைநாட்டு வரலாறு எச்சரிக்கை தருகிறது. தோட்டங்களில் சவுக்கு என்று வழங்கும் கிரெவில்லியாவும், யூக்கலிப்டசும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் கொண்டுவந்த யூலெக்ஸ் என்னும் முட்புதர் ஹோர்ட்டன் சமவெளிவரை பரவி இன்றும் அகற்றப்பட்டுவருகிறது. கீனா, நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம் முதலிய உள்ளூர் மரங்கள் மெதுவாக வளர்பவை. இளமையில் அரைநிழலை விரும்புபவை. ஆதலால் நிற்கும் சவுக்கை ஒரேயடியாக வீழ்த்தாமல், அதன் நிழலில் இவற்றை வளர்த்து, பின்னர் படிப்படியாகக் கழிப்பதே அறிவுடைமை. சிங்கராஜ வனத்தின் ஓரத்துப் பைன் தோப்புகளில் வரிசைகளை நீக்கி உள்நாட்டு மரங்களை வளர்த்த ஆய்வும் இவ்வழியையே காட்டியது. வேலிக்கு ஆடாதோடையும், சிங்களத்தில் போவிட்டியா எனப்படும் ஊதாப்பூச் செடியும் பொருந்தும். எவ்வளவு கவனமாக நட்டாலும், கெசல்கமு ஓயாவின் கரையைக் குடையும் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு தொடரும் இடங்களில் வேர் பிடிக்க மண்ணே மிஞ்சுவதில்லை.

செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டில் கன்றுகளைக் காக்கும் வேலைகள் கொழுந்துக்கு அடுத்த நிலையிலேயே வைக்கப்படுகின்றன. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதையொட்டி, ஒரு ‘பேர்’, அதாவது ஒரு நாள் வேலைக்கணக்கு, விழுவதற்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்ற வாக்குவாதமே ஓங்கி ஒலித்தது. கொழுந்து மிகுந்த பருவத்தில் கன்றுகளைப் பார்க்க ஆள் ஒதுக்குவது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் எளிதன்று. அந்தப் பருவமே புல்லும் கொடியும் வேகமாக ஏறும் பருவம் என்பதால், கன்றுப் பராமரிப்புக்கென ஆண்டு முழுவதும் மாறாத ஒரு சிறு குழுவை, கவ்வாத்துக் கைதேர்ந்தவர்களுக்குரிய மதிப்போடு, ஒதுக்குவது அவசியமாகிறது. பட்டுப்போனவற்றுக்கு மாற்றாக நடும் கன்றுகளையும் அக்குழுவே முன்கூட்டித் தயாரிக்க வேண்டியிருக்கிறது. நாவல் இனங்களின் விதைகள் காய்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடுவதால், காட்டுத் துண்டுகளில் பழம் உதிரும்போதே பொறுக்கி, ஈரம் குறையுமுன் தவறணையில் ஊன்றிவிட வேண்டும்.