போற வண்டியில நாலு டின் முறுக்கு



பி.காம் படிக்கிறவனுக்கு செயற்கைக்கோள்ல என்ன வேலைன்னு கேட்டுடாதீங்க. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புல 'ஜாயின்ட் காஸ்ட்' நடத்தினப்ப எனக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வந்தது. ஒண்ணு, எங்கம்மா முறுக்கு. இன்னொண்ணு, ராக்கெட்.

முதல்ல முறுக்கு. விருதுநகர்ல தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டு மதுரைக் கடைகளுக்குக் கொடுப்பாங்க. பக்கத்து வீட்டு மாமா தன் மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்க வாராவாரம் குட்டியானையில மதுரை போவார். போகும்போது வண்டி காலிதானே? நம்ம டின்களை ஏத்திக்குவார். டீசலுக்குப் பங்கா 200 ரூபாய். தனி வண்டி பிடிச்சா அம்மாவோட லாபம் முழுக்க வாடகைக்கே போயிடும்.

செயற்கைக்கோள்லயும் இதே கதைதான். இதுக்குப் பேரு 'ஹோஸ்டட் பேலோட்'. வேற வேலைக்காகப் போற ஒருத்தரோட செயற்கைக்கோள்ல மிச்சம் இருக்கிற இடத்தையும் மின்சாரத்தையும் வாடகைக்கு வாங்கி, நம்ம கருவியைப் பொருத்திடறது. தனியா செயற்கைக்கோள் கட்ட வேண்டாம், தனி ராக்கெட் வேண்டாம். வண்டிக்காரருக்கும் கூடுதல் வருமானம். 2017 முதல் 2019 வரை ஏவின 75 இரிடியம் நெக்ஸ்ட் செயற்கைக்கோள்கள்ல, விமானங்களைக் கண்காணிக்கிற ஏரியான் நிறுவனத்தோட கருவிகள் இப்படித்தான் போச்சு. அதனால நடுக்கடல் மேல பறக்கிற விமானம்கூட இன்னைக்குத் தெரியுது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஒன்பதாவது படிச்ச வருஷம், மாமாவுக்கு வரவேண்டிய சரக்கு தாமதமாச்சு. "நாளைக்குப் போறேன்", "நாளைக்குப் போறேன்"னு மூணு நாள் தள்ளிப்போச்சு. தீபாவளி முடிஞ்சப்புறம் முறுக்கை யார் வாங்குவா? பாதி விலைக்குத்தான் போச்சு. நான் மாமா மேல கோபப்பட்டேன். அம்மா சொன்னாங்க: "வண்டி அவருது தம்பி. அவர் வேலை முடிஞ்சுதான் நம்ம வேலை."

நாசாவுக்கும் இதே அனுபவம் உண்டு. வட அமெரிக்காவோட காற்று மாசை அளக்க ஒரு கருவி செஞ்சாங்க. பேரு டெம்போ (நம்ம ஊர் டெம்போ இல்லீங்க!). 2018லேயே கருவி தயார். ஏத்திக்கிட்டுப் போக செயற்கைக்கோள் அமைஞ்சு, இன்டெல்சாட் 40இ கூட அது கிளம்பினது 2023 ஏப்ரல்ல!

கிளம்பினாலும் நிம்மதி இல்லை. 2018 ஜனவரியில நாசாவோட 'கோல்ட்' கருவியைச் சுமந்த எஸ்இஎஸ்-14ஐ, ஏரியான்-5 ராக்கெட் தப்பான பாதையில விட்டுடுச்சு. செயற்கைக்கோள் தன் மின் உந்துவிசையால மெதுவா சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரைக்கும் கூடப் போன கருவியும் காத்திருக்க வேண்டியதுதான்.

நம்ம நாட்டுல நடந்தது இன்னும் மோசம். விமானங்களுக்கு வழிகாட்டுற ககன் திட்டத்தோட கருவி, 2010 ஏப்ரல்ல ஜிசாட்-4 கூடக் கிளம்பிச்சு. ராக்கெட் தோல்வி, எல்லாமே போச்சு. ஆனா திட்டம் சாகல. 2011ல ஜிசாட்-8, 2012ல ஜிசாட்-10, 2015ல ஜிசாட்-15னு மூணு செயற்கைக்கோள்ல ககன் கருவிகளை ஏத்தினாங்க. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இருக்கும்ல?

அம்மா ககனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனா அடுத்த தீபாவளிக்கு ரெண்டு டின்னை மாமா வண்டியில ஏத்திட்டு, மீதி ரெண்டைத் தூக்கிட்டு அவங்களே பஸ் ஏறிட்டாங்க.

அந்த 200 ரூபாயை என்னால கணக்குல எழுத முடியும். காத்திருந்த அந்த மூணு நாளை எந்தத் தலைப்புல எழுதறது? எங்க பாடப் புத்தகத்துல தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கல. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்!