நான் கணக்கில் சேர்க்காதவை

2021-ல் திண்டுக்கல்லில், எங்கள் வீட்டு மாடியறையில் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் மைனிங் செய்தேன். அதில் பணம் போனது என் குற்றங்களிலேயே சிறியது. அம்மாவிடம் கரண்ட் பில்லின் காரணத்தை மறைத்தேன். அக்காவின் நகையை அடகு வைக்க வைத்து அவள் மகனையும் இதில் இறக்கிவிட்டேன். கடைசியில், ஓடித் தேய்ந்த கார்டைப் பொய் சொல்லி ஒரு மாணவனிடம் விற்றேன். இன்றும் சிலர் "எந்தக் கார்டு வாங்கினா கட்டுப்படியாகும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். இதையெல்லாம் சொல்லாமல் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். நாகல்நகர் பூட்டுப் பட்டறைகளுக்கும் பழனி ரோட்டுக் கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பேன், கேமரா மாட்டுவேன். "அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று நாலு பேர் சொல்லும் அளவுக்கு ஊரில் பெயர் இருந்தது. நான் செய்த தப்புக்கெல்லாம் அந்தப் பெயர்தான் முதலீடு.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிச் சேவை கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை ரத்து செய்தது. அந்த மாதமே ஊரடங்கு வந்து என் வேலை படுத்துவிட்டது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் டாலருக்குக் கீழே இருந்த எத்தீரியத்தின் காயினான ஈதர், மே மாதத்தில் நாலாயிரத்தைத் தாண்டியது. எனக்கு ஆசை வந்தது. அதைவிட, இந்த ஊரில் இதை முதலில் புரிந்துகொண்டவன் நானாக இருக்க வேண்டும் என்ற அகம்பாவம் வந்தது.

கார்டு தேர்ந்தெடுத்ததில் நான் தவறவில்லை. பிட்காயினுக்கு கிராபிக்ஸ் கார்டு பல ஆண்டுகளுக்கு முன்பே உதவாமல் போயிருந்தது. அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்கள் வந்துவிட்டன. எத்தீரியத்தின் ஈத்தாஷ் முறையோ மெமரியின் வேகத்தை நம்பியது. அதற்காகக் கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டிய டேக் கோப்பு நாளாக நாளாக வளர்ந்துகொண்டே போகும். 2020 முடிவதற்குள் 4 ஜிபி கார்டுகள் அதற்குப் போதாமல் போயின. ஆர்எக்ஸ் 580-ன் 8 ஜிபி கார்டு நொடிக்கு 30 மெகாஹாஷ் மைனிங் வேகம் தரும், ஆனால் கரண்ட் அதிகம் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 வந்தபோதே என்விடியா அதன் மைனிங் வேகத்தைப் பாதியாகக் கட்டிப்போட்டுத்தான் விற்றது. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், கோர் வேகத்தைத் தாழ்த்தி மெமரி வேகத்தை ஏற்றினால், 80 வாட் அளவில் 30 மெகாஹாஷ் கொடுத்தது. அறிமுக விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து நாலு கார்டு வாங்கினேன். வாட்டுக்கு எத்தனை ஹாஷ், ரூபாய்க்கு எத்தனை ஹாஷ் என்று எக்ஸெலில் அட்டவணை போட்டு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

நாலு கார்டும் போர்டும் சேர்ந்து 400 வாட். ஒரு நாளைக்கு 9.6 யூனிட், பில் வரும் இரண்டு மாதத்துக்கு 576 யூனிட். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று போட்டு 1,728 ரூபாய் என அட்டவணையில் எழுதினேன். தமிழ்நாட்டில் வீட்டு பில் அப்படி ஏறாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் வழக்கமாக 350 யூனிட் ஓடும். அப்போதைய கட்டணத்தில் 680 ரூபாய். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளின் சலுகையும் போய்விடும். 926 யூனிட்டுக்கு ஏறத்தாழ 4,590 ரூபாய் வந்தது. என் மைனிங்கின் உண்மையான கரண்ட் செலவு 3,900 ரூபாய்க்கு மேல். எனக்கு இது தெரியும். தெரிந்தே 3 ரூபாய் என்று போட்டேன், ஏனென்றால் அந்தப் பில்லை நான் கட்டப்போவதில்லை.

வீட்டு மின் இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அவர் போன பிறகு பில்லை அம்மா குடும்ப பென்ஷனிலிருந்து கட்டிவந்தாள். கணக்கெடுக்க வருபவர் எழுதிக் கொடுக்கும் வெள்ளை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். அன்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா இது, நாம என்ன அப்படி ஓட்டினோம்?" என்று கேட்டாள். "ஃப்ரிட்ஜ் பழசாயிடுச்சும்மா, அதான் இழுக்குது" என்றேன். அன்றிலிருந்து ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, மிச்சப் பாலை இரண்டாம் தடவை காய்ச்சி வைத்தாள். பகலில் ஹால் ஃபேனைப் போடாமல் வாசலில் விசிறியோடு உட்கார்ந்தாள். மாடியில் என் கார்டுகளுக்கு இரண்டு டேபிள் ஃபேன் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. நான் இதைப் பார்த்தேன். பார்த்தும் உண்மையைச் சொல்லவில்லை.

அதில் இன்னொரு திருட்டும் இருக்கிறது. முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருவது வீட்டில் விளக்கு எரிவதற்கு. எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் வணிக இணைப்பு எடுத்து யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டினார். நான் வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினேன்.

2021 நவம்பரில் ஈதர் 4,800 டாலரைத் தொட்டது. அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். "மாமா, நானும் போடலாமா?" என்று கேட்டான். எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்டு, கார்டே தேவைப்படாத பங்கு வைப்பு முறைக்கு மாறப்போவது அப்போது ரகசியம் இல்லை. அதற்கான பீக்கன் சங்கிலி 2020 டிசம்பர் 1-லேயே ஓடத் தொடங்கியிருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மாற்றம், பரிவர்த்தனைக் கட்டணத்தின் பெரும்பகுதியை மைனிங் செய்பவர் கைக்குப் போகாமல் எரித்துவிட்டது. எல்லாவற்றையும் படித்திருந்தேன். இருந்தும் "போடு மாப்ள, நான் இருக்கேன்ல" என்றேன். தனியாக மாட்டிக்கொள்ளப் பயமாக இருந்தது; கூட ஒருவன் இருந்தால் நான் செய்வது சரி என்று தோன்றும். அக்கா வளையலைக் கழற்றிக் கொடுக்கும்போது என்னைத்தான் பார்த்தாள், மகனைப் பார்க்கவில்லை. "தம்பி, நீ சொல்றதனாலதான்" என்றாள். மைனிங் வேகக் கட்டுப்பாடு இல்லாத பழைய 3060 டிஐ கார்டு இரண்டை, விலை உச்சத்தில் இருந்தபோது அவனுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. மைனிங் கருவிகளுக்கான செலவைக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்திலேயே தெளிவுபடுத்தியது. ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஜூனில் ஈதர் ஆயிரம் டாலருக்கும் கீழே போனது. "நிறுத்திடலாமா மாமா?" என்று அவன் கேட்டபோதெல்லாம் "ஏறும்" என்றேன். செப்டம்பர் 10-ல் தமிழ்நாட்டில் புதிய மின்கட்டணம் அமலுக்கு வந்தது. அதே 926 யூனிட்டுக்கு 5,810 ரூபாய். செப்டம்பர் 15-ல் எத்தீரியம் பங்கு வைப்பு முறைக்கு மாறியது. கார்டுகளுக்கு அதில் வேலையே இல்லாமல் போயிற்று. எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் என்று மற்ற காயின்களில் உலகத்துக் கார்டுகளெல்லாம் போய்க் குவிந்ததில் கரண்ட் காசுகூடத் தேறவில்லை.

பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்று சொன்னால் விலையை இன்னும் குறைப்பார்கள். தூசியை ஊதி, பேஸ்ட் மாற்றி, "வீட்ல பிள்ளைங்க கேம் விளையாடினது" என்று சொல்லி, வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவனுக்கு ஒன்றை விற்றேன். அனிமேஷன் படிக்கிறேன் என்றான். அப்பா நூல் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர். மைனிங்கில் ஓடிய எல்லாக் கார்டும் கெட்டதல்ல. ஆனால் இந்தக் கார்டின் மெமரி மற்றவற்றைவிடச் சூடாக ஓடியதும், ஒரு ஃபேன் கரகரத்ததும் எனக்குத் தெரியும். சில மாதங்களில் ஸ்கிரீனில் கோடு விழுகிறது என்று போன் செய்தான். "நீ எப்படி யூஸ் பண்ணியோ தம்பி" என்றேன். பிறகு அவன் போனை எடுப்பதையே நிறுத்தினேன்.

என் மனசாட்சி தானாக விழிக்கவில்லை. அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பையன் காசைக் கொடுத்துட்டு வா" என்றாள். தேடிப்போய் முழுப் பணத்தையும் கொடுத்தேன். அதற்குள் அவன் கோர்ஸைப் பாதியில் விட்டிருந்தான். அதைத் திருப்பித்தர என்னிடம் வழியில்லை. அக்கா நகை இன்னும் மீளவில்லை. வட்டியை நான் கட்டுகிறேன், அசல் பாக்கி இருக்கிறது.

வீட்டு மைனிங் எனக்குக் கட்டுப்படியானதாகத் தெரிந்த காலமெல்லாம், அதன் செலவை வேறு யாரோதான் சுமந்தார்கள். கார்டைப் பற்றிய என் கணக்கில் பிழையில்லை. மனிதர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஹாஷ் ரேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு வெள்ளை அட்டையை எடுத்து, மொத்த யூனிட்டுக்கும் புதிதாகப் பில் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை யார் கட்டுவது என்று வீட்டில் சொல்லி முடிவு செய்யுங்கள். வரியையும், அந்தக் காயின் மைனிங்கைக் கைவிடும் திட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதற்குப் பிறகும் லாபம் தெரிந்தால், நட்டமானாலும் தாங்கும் உங்கள் சொந்தக் காசைப் போடுங்கள். அடுத்தவர் நகையைத் தொடாதீர்கள். கார்டை விற்கும் நாள் வந்தால், அது எதில் ஓடியது என்பதை விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.