பட்டாளத்து லாரி பார்க்கப் போனோம்!

'மிலிட்டரி சரக்கு' என்றால் நம் ஊரில் தனி மரியாதை. கம்பளியில் ஆரம்பித்து 'அந்த' பாட்டில் வரைக்கும்! என் மச்சினனுக்கு அந்த மரியாதை லாரி மேல் வந்துவிட்டது.

"மாமா, குமாரலிங்கபுரத்துல ஒரு ஸ்டாலியன் நிக்குது. ஏலத்துல எடுத்த வண்டியாம். நாலு சக்கரமும் இழுக்கும். தண்ணி டேங்க் மாட்டிட்டா நம்ம காட்டுல ராஜா!"

யோசனை மோசமில்லை. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்துக்கு 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023-ல் அறிவிப்பு வந்தது. வேலை நடக்கிற இடத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் இருக்கத்தானே செய்யும்? வண்டிக்குப் பணம்? தங்கச்சியின் கழுத்தில் கிடந்தது!

அதனால்தான் துணைக்குப் பட்டாளத்தாரையும் ஏற்றிக்கொண்டோம். ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பார்த்து ரிட்டயரானவர். அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். சீமைக் கருவேலம். ஆங்காங்கே கரிமூட்டப் புகை.

"மழை பெஞ்சா இந்த மண்ணு ஆளையே உள்ள இழுக்கும். இதுக்கு நாலு சக்கர டிரைவ் நல்லதுதான்" என்றார் பட்டாளத்தார். மச்சினன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

வேப்ப மரத்தடியில் நின்றது வண்டி. புதுப் பெயின்ட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பச்சை!

"மொதக் கோளாறு பெயின்ட்டுதான்" என்றார் பட்டாளத்தார். "இந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டுந்தான். நாம அடிச்சா சட்டப்படி தப்பு. மாத்துற செலவையும் கணக்குல எழுதிக்க தம்பி."

அடுத்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"காலைல ஓட்டிப் பாத்தோம்ணே..." என்றார் விற்கிறவர்.

"ஆறட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்."

சூடான எஞ்சின் யார் சாவி போட்டாலும் உறுமுமாம். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். சாத்தூர் காராசேவு ஒரு பொட்டலம் காலி. அந்த இடைவெளியில் பட்டாளத்தார் புராணம்.

முதலில் ஓடியது சக்திமான். ஜெர்மனியின் மான் கம்பெனி டிசைனில் ஜபல்பூரில் 1959-ல் முதல் வண்டி வெளியே வந்தது. அந்த மானின் முன்னோடியான ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில்தான் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை 1897-ல் ஓடவைத்துக் காட்டினார். பிறகு வந்தது ஸ்டாலியன். நம்ம எண்ணூர் அசோக் லேலண்டின் தயாரிப்பு.

"அதனால உதிரி பாகம் கிடைக்கும். சக்திமான் வாங்கினா, ஒரு பேரிங்குக்கு ஊர் ஊரா அலையணும்!"

திரும்பி வந்தோம். விற்கிறவர், "பத்து வருஷ வண்டிண்ணே" என்றார். பட்டாளத்தார் பேசவில்லை. பெயின்ட்டுக்கு அடியில் லேசாகத் தெரிந்த பழைய நம்பரை விரலால் தடவினார். மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 03.

"அம்புக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு எண்ணும் ராணுவம் வாங்கின வருஷம். 2003. பத்து வருஷம்னா யாரோட பத்து?"

விற்கிறவர் தொண்டையைக் கனைத்தார்.

பிறகு சாவி. ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. பட்டாளத்தார் புகையைப் பார்த்தபடி பாடம் எடுத்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு அடங்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் கம்பியை உருவினார். பால் காபி நிறத்தில் இருந்தால் தொலைந்தது என்றார். இதில் சுத்தமான கறுப்பு.

ஏர் பிரேக்கில் காற்று நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. நாலு சக்கர டிரைவைத் தார் ரோட்டில் போடாமல் புழுதியில் போட்டார். முன்சக்கரமும் மண்ணைக் கீறியது. டயரில் மட்டும் கோளாறு. பக்கவாட்டில் இருந்த நாலு எண்களில் கடைசி இரண்டு, தயாரித்த வருஷம். பட்டன் அப்படியே இருந்தாலும் ரப்பருக்கு வயசாகியிருந்தது.

"ராணுவ வண்டி ஓடிக் கெடுறதவிட நின்னு கெடுறதுதான் ஜாஸ்தி. ஹோஸ், ஆயில் சீல், டீசல் டேங்க்கு அடில துரு, எல்லாம் பாக்கணும். ஆனா இது நல்ல வண்டி தம்பி."

மச்சினன் பையில் கை வைத்துவிட்டான்!

"பொறு. எத்தனை லிட்டர் டேங்க் மாட்டப்போற?"

"பத்தாயிரம் சித்தப்பா."

"ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அப்ப பத்து டன். டேங்க் எடை வேற. இந்த வண்டி காட்டுல அஞ்சு டன், ரோட்டுல ஏழரை டன் சுமக்கத்தான் செஞ்சது."

மச்சினன் கை பாதியில் நின்றது. வரவுக் கணக்கில் பாதி அங்கேயே ஆவியானது.

கடைசியாகப் பட்டாளத்தார் கேட்டது காகிதம். ராணுவ ஏல வண்டியைப் பதிவு செய்ய, அந்த அதிகாரிகள் தந்த படிவம் 21 விற்பனைச் சான்றிதழ் அசலாக வேண்டும். அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் வெட்டியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். விற்கிறவர் நீட்டியது ஓர் ஏல ரசீதின் ஜெராக்ஸ். அதில் 'ஸ்கிராப்' என்று இருந்தது.

"இரும்பா வித்தத ரோட்டுல ஓட்டப் பதிவு குடுக்க மாட்டாங்க தம்பி."

"ஆள் இருக்குண்ணே... பேப்பர் வந்துரும்" என்றார் விற்கிறவர்.

"ரொம்ப சந்தோசம். வந்ததும் சொல்லி அனுப்புங்க. நாங்க வர்றோம்."

திரும்புகிற வழியில் மச்சினன் வாயே திறக்கவில்லை. அவ்வளவு நல்ல எஞ்சின்! எனக்கே மனசு கேட்கவில்லை. பட்டாளத்தார்தான் தோளில் தட்டினார். "எஞ்சின் கெட்டா நான் சரி பண்ணுவேன். பேப்பர் கெட்டா யார் பண்ணுவா?"

வீட்டு வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். "வண்டி எப்படிண்ணே?"

"தங்கமான வண்டிம்மா" என்றேன். "அதான் தங்கத்தைத் திருப்பிக் கொண்டாந்துட்டோம்!"