உள்நாட்டு மோட்டாரும் அயல்நாட்டு மோட்டாரும்

மோட்டார் வண்டியைப் பற்றித் தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். தேரும் பரியும் இவனுக்குப் போதாவோ என்று பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர் கேட்டும் விட்டார். எனினும், குடும்பத்திற்கு ஏற்றது நம் நாட்டில் ஆக்கப்பட்ட வண்டியா, அயல்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் வண்டியா என்னும் வினாவைக் குறித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் சென்ற ஆண்டு மூன்று திங்கள் ஓயாது நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களை அருகிருந்து கேட்டவன் நான். கேட்டவற்றோடு, பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றேன்.

அவ்வினா பொழுதுபோக்கிற்காக எழுந்ததன்று. என் ஆச்சிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டமையால், வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலிக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்ளுதல் இன்றியமையாததாயிற்று. எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனை 30 கிலோமீட்டர். போக்கும் வரவும் கணக்கிட்டால் வாரத்திற்கு 180 கிலோமீட்டர். ஆண்டிற்கு 9,000 கிலோமீட்டருக்கு மேலாகும். நான்கு மணி நேரச் சிகிச்சையால் துவண்டு வரும் 76 வயது மூதாட்டியைப் பேருந்தில் இடிபட வைத்து அழைத்து வருதல் இயலுமோ? வாடகை வண்டிக்கோ அப்பாவின் ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பங்கு கரைந்தது. ஆதலின் சொந்த வண்டி வேண்டும். அஃது ஒரு நாளும் வழியில் நிற்றலாகாது.

திண்ணையில் கட்சிகள் இரண்டு. ஒன்றிற்குத் தலைவர் என் தாத்தா. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கதரன்றிப் பிறிது உடுத்தாதவர். பிறர் ஓட்டிக் கழித்த அம்பாசிடர் ஒன்றை வாங்கி, இன்றளவும் அதனைக் கொட்டகையில் நிறுத்தி நாள்தோறும் துடைத்து வருபவர். மற்றதற்குத் தலைவர் சென்னையில் வாணிகம் செய்யும் என் சித்தப்பா. செர்மனி நாட்டில் ஆக்கப்பட்டு முழு வண்டியாகவே கப்பலில் வந்திறங்கியதும், தாம் ஒன்பது ஆண்டு ஓட்டியதுமான காரை, இங்கே புதிய சிறு கார் ஒன்று விற்கும் விலைக்கே தருவதாக அவர் முன்வந்தார். "அண்ணாச்சி, அறுபது இலட்ச ரூபாய் வண்டி, உங்களுக்கு ஆறே இலட்சம்" என்பது அவர் வாக்கு.

தாத்தாவின் கட்சியை முதற்கண் ஆராய்வோம். அம்பாசிடர் சுதேசி வண்டி என்று அவர் பெருமிதத்தோடு கூறுவர். வரலாறோ வேறு கூறுகின்றது. 1942-இல் தோன்றிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வங்காளத்து உத்தர்பாராவில் ஆக்கிய அவ்வண்டி, இங்கிலாந்தில் கௌலி என்னும் ஊரில் பிறந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் மறுபதிப்பேயாகும். பிறந்த நாட்டில் 1959-இலேயே அதற்கு முடிவு வந்துவிட்டது. நம் நாட்டிலோ 2014 வரை ஆக்கப்பட்டு வந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தார் ஆக்கிய பத்மினிக்கு மூலம் இத்தாலியின் பியட். சென்னையை அடுத்த வண்டலூரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப். 1983-இல் வெளிவந்த மாருதி 800-க்கு மூலம் ஜப்பானியரது சுசுகி. அதன் முதல் வண்டிகள் கடல்கடந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டியே ஆக்கப்பட்டன. எங்கள் வகுப்பறை மொழியிற் சொன்னால் சில வண்டிகள் தற்சமம், சில தற்பவம். தூய இயற்சொல்லைத் தேடிக் காண்பது அரிது.

மூலம் எதுவாயினும் ஆகுக. அம்பாசிடரின் குணம் யாது? ஊர்க் கொல்லனும் அதனைத் திறந்து பார்த்து இன்னது பழுது என்று கூறிவிடுவான். எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் உண்டு. உறுப்புகள் சிறு பட்டணத்துக் கடைகளிலும் கிடைத்தன. பின்புறத்து ஸ்பிரிங் பட்டைகள் குண்டும் குழியுமான சாலையைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் அது பழுதாகாத வண்டி என்று எவரேனும் சொல்வாராயின், அவர் அதனை ஓட்டியறியாதவர் என்க. கோடையில் கயத்தாறு தாண்டுமுன் ரேடியேட்டர் கொதிக்கும், எண்ணெய் ஒழுகும், புதிய வண்டியிலேயே கதவு ஒட்டாது. இதற்குக் காரணம் தொழிலாளர் திறமின்மை அன்று. அயல் வண்டிகளின் இறக்குமதி அடைபட்டிருந்தது. 1950-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் இங்கே வண்டி பூட்டும் தொழிலை விட்டு அகன்றன. எஞ்சிய சில நிறுவனங்களிடம் பணம் கட்டிய மக்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். வாங்குவோர் வாயிலிற் காத்துக் கிடக்கும்போது கதவைச் செம்மையாகப் பொருத்த வேண்டிய கட்டாயம் விற்போனுக்கு ஏது? கார்த் தொழிலுக்கு இருந்த லைசென்ஸ் முறை 1993-இல் நீங்கிப் போட்டி பெருகிய பின்னரே உள்நாட்டு வண்டிகள் உண்மையாகத் திருந்தின.

தாத்தாவிடம் மற்றொரு வாதமும் உண்டு: தகடு தடிப்பு, மோதினாலும் உயிர் தப்பும் என்பது. இக்காலப் பொறியாளர் இதனை ஒப்பார். வண்டியின் முன்பகுதி நசுங்கி மோதலின் விசையைத் தான் விழுங்கிக்கொள்ள, உள்ளிருப்போர் கூண்டு மட்டும் நசுங்காது நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 2014-இல் குளோபல் என்காப் அமைப்பினர் மோதவிட்டுப் பார்த்த நம் நாட்டுச் சிறு கார்கள் பல ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2018-இல் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023-இல் நம் அரசாங்கமே பாரத் என்காப் என்னும் சோதனை முறையைத் தொடங்கிற்று.

நிற்க. சித்தப்பாவின் வண்டிக்கு வருவோம். ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அதனை அவர் எங்களிடம் விட்டுச் சென்றார். அதன் சுகத்தை மறைத்தல் நேர்மையன்று. ஆச்சி அதில் உறங்கியே வீடு திரும்புவார். ஆறு காற்றுப் பைகள். சாலையைப் பற்றிக்கொண்டு செல்லும் உறுதி. உள்ளே இரைச்சல் சிறிதும் இல்லை. ஐந்து வாரம் குறையொன்றும் கண்டிலேம். ஆறாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், இருமருங்கும் பனைகளே உள்ள இடத்தில், முன்பலகையில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது; வண்டி கியர் ஏற்க மறுத்து நின்றது. மாற்று வண்டி வந்து சேர்வதற்குள் ஆச்சியின் முறை கடந்துவிட்டது. அன்று சிகிச்சை இல்லை. மறுநாள் விடியற்காலையில் ஆச்சி மூச்சுத் திணறி, படுக்க மாட்டாமல், கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே ஜெபித்துக்கொண்டிருந்தார். அவசரப் பிரிவில் சேர்த்து, அன்று நண்பகலில்தான் மூச்சு சீர்ப்பட்டது.

வண்டியை மதுரைக்கு இழுத்துச் சென்றனர். கியர்ப் பெட்டியை ஆளும் மின்னணுக் கருவி பழுது. அஃது அயல்நாட்டிலிருந்து வருதல் வேண்டும். வந்து சேர 23 நாள். செலவு 1,40,000 ரூபாய். பணத்தைச் சித்தப்பாவே கொடுத்தார். அவர் மனம் பொன்னானது. கருவியும் ஒன்பது ஆண்டு குறையின்றி உழைத்தது என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் அந்த 23 நாளில் நான் அறிந்துகொண்டது ஒன்றுண்டு. வண்டியின் விலை ஆறு இலட்சமாக இறங்கிவிட்டது. அதன் உறுப்புகளின் விலையோ அறுபது இலட்ச வண்டிக்கு உரியதாகவே நின்றது. முழுதாக இறங்கும் காருக்கு நம் நாட்டில் விதிக்கும் சுங்கவரி பெரிது. 40,000 டாலருக்கு உட்பட்ட சிறு வகைகளுக்கே 2023-இல் அது நூற்றுக்கு 60-இலிருந்து 70 ஆக உயர்ந்தது. ஆகவே முதலில் வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி வரிக்கே சேரும். பின்னர் வாங்குவோர் அவ்வரியைச் சுமப்பதில்லை. பழுது பார்க்கும் சுமையை மட்டும் பெறுகின்றனர். மலிவாகத் தோன்றியது இதனாலேயே.

இவ்வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் உள்நாட்டு வண்டியா, ஜப்பானிய வண்டியா என்னும் பூசல் பல்லாண்டு நடந்தது. அதில் ஒரு செய்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது. கலிபோர்னியாவில் பிரிமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இருந்த ஆலை 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் அதே ஆலையை அந்நிறுவனமும் ஜப்பானிய டொயோட்டாவும் கூடித் திறந்தன. பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் திரும்பி வந்தனர். வேலை செய்யும் முறை மட்டும் ஜப்பானியரது. குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து வேலை வரிசையையே நிறுத்தலாம். பழைய ஆலையிலோ வரிசையை நிறுத்துதல் பெருங்குற்றம். சில ஆண்டுகளில் அவ்வாலையின் வண்டிகள் தரத்திற்குப் பெயர் பெற்றன. இதனினும் வியப்பு ஒன்று: அங்கே டொயோட்டா கரோலாவும், ஜியோ பிரிசம் என்னும் அமெரிக்கப் பெயர் தாங்கிய அதன் இரட்டையும் ஒருங்கே ஆக்கப்பட்டன. இரண்டிற்கும் பெயரன்றி வேற்றுமை சிறிதே. பழையதாக விற்குங்கால் கரோலாவுக்கே விலை மிகுதி. விஷயமறிந்தோர் பிரிசத்தை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தினராம்!

அப்பா இவ்வரலாறு எதையும் படித்தவரல்லர். அவர் செய்தது இதுதான்: ஆச்சி சிகிச்சையில் இருக்கும் நான்கு மணி நேரமும் மருத்துவமனை வாயிலில் வாடகை வண்டி ஓட்டுவோரிடம் அமர்ந்து பேசுவார். எவ்வண்டி எத்தனை ஆயிரம் ஓடியது, முதலில் எவ்வுறுப்பு தேய்ந்தது, அதன் விலை என்ன, எங்கே கிடைக்கும் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். இரண்டு இலட்சம் கிலோமீட்டர் கடந்தும் எஞ்சினைத் திறவாத வண்டிகள் அங்கே நின்றன. அவற்றுள் ஒன்றேனும் முழுதாக இறக்குமதியானதன்று. முடிவில், உரிமையாளர் கொரியர், தொழிலாளர் தமிழர், ஸ்ரீபெரும்புதூர் அருகில் ஆக்கப்பட்டது என்னும்படியான சிறு கார் ஒன்றை வாங்கினார். அது சுதேசியா, சீமைச் சரக்கா என்று தாத்தா கேட்டார். "மேஸ்திரி நம்ம ஊருல இருக்காரு, அப்பா" என்றார் அவர். அஃது எல்லா வினாவிற்கும் விடையாகாது என்பதை ஒப்புவேன். நாளை அக்கொரியர் கடையைக் கட்டினால் உறுப்புக்கு எங்கே போவது? சென்னையருகே வண்டி ஆக்கி வந்த போர்டு நிறுவனம், இங்கே ஆக்கும் தொழிலை விடுவதாக 2021-இல் அறிவித்ததை நாம் மறக்கவில்லை.

வண்டி வந்து பத்துத் திங்களாயிற்று. ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றது. மோதலுக்கு ஈடுகொடுப்பதில் சித்தப்பாவின் வண்டிக்கு இஃது இணையன்று. அப்பா அதனால் 60 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் செல்வதில்லை. இதுவரை ஒரு பஞ்சர். ஒருமுறை பாட்டரி செத்தது. அது நேர்ந்தது சிகிச்சைநாட் காலை ஆறு மணிக்கு. மேஸ்திரி புதிய பாட்டரியை மிதிவண்டியின் பின்னே கட்டிக்கொண்டு வந்தார். 20 நிமிடத்தில் மாற்றினார். ஏழரை மணிக்கு ஆச்சி தமக்குரிய படுக்கையில் இருந்தார்.